சைக்கிளின் அடியில் ஓர் எண் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் கோரிமேட்டிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு காலைகளில் எங்கள் தெருமுனையைத் தாண்டி ஏற்காட்டுக்குப் போகும் சைக்கிள்காரர்களை எண்ணி முடியாது. அடிவாரம் வரை நிதானமாகப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுகிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. கியர் வைத்த மலை சைக்கிள் வேண்டும் என்றான். கடையில் விசாரித்தால் ஓரளவு நல்லது 25,000 ரூபாய் சொன்னார்கள். செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

எனக்குச் சைக்கிள் தெரியும். என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பள்ளிவிட்டு வந்ததும் பஞ்சர் ஒட்டுவதும், சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதும்தான் எனக்கு விளையாட்டு. அதனால் ஏமாற மாட்டேன் என்ற தைரியம் இருந்தது. அலைபேசியில் விளம்பரம் பார்த்து ஒரு இளைஞரைச் சந்தித்தேன். அலுமினிய ஃப்ரேம், 27.5 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் ஷாக், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், 24 கியர். வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது என்றார்.

அரை மணி நேரம் சோதித்தேன். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃப்ரேம் விரிசல் விடக்கூடிய இடங்களில் அது ஒன்று. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன், கழுத்தில் ஆட்டம் இல்லை. பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன், கடகட சத்தம் இல்லை. ஷாக்கின் கால்களில் துரு இல்லை. செயினில் 12 அங்குல இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தேன். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வரும். அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயின் மட்டும் அல்ல, பின்பக்கப் பல்சக்கரமும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதில் கண்ணியின் ஆணி 12 அங்குலக் கோட்டிலேயே நின்றது. 11,000 கேட்டவரிடம் பேசி 9,000 கொடுத்து வாங்கி வந்தேன்.

பில் கேட்கவில்லை. அவ்வளவு பார்த்தவள் அதைக் கேட்கவில்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை. மகன் 20 வளைவும் ஏறி இறங்கி, அடிவாரத்து டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தான். நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது, அவன் வயதே இருக்கும் ஒரு பையன் எங்கள் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, மெதுவாக, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது என் சைக்கிள்" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன ஆதாரம் என்று கேட்டேன். கடை பில்லைப் போனில் காட்டினான். அதில் சைக்கிள் மாடலின் பெயர், எண்ணிக்கை 1, விலை. அவ்வளவுதான். அந்த மாடல் சேலத்தில் நூறு ஓடும். பிறகு அவன், "சீட்டைக் கழற்றிப் பாருங்கக்கா" என்றான். சீட் தண்டை உருவினோம். குழாய்க்குள் பாலித்தீனில் சுருட்டிய ஒரு காகிதம். அவன் பெயரும் அவன் அப்பாவின் போன் எண்ணும் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தன. டியூஷன் வாசலில் பூட்டை அறுத்து எடுத்துப் போய் இரண்டு மாதம் ஆகிறதாம்.

அங்கேயே கொடுத்துவிட்டோம். என் மகன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. விற்றவரின் எண் அன்று மாலையே அணைந்துவிட்டது. 9,000 போனது போனதுதான்.

மறுநாள் அந்தப் பையனின் அப்பாவோடு நானும் காவல் நிலையம் போனேன். அவர் ஏற்கெனவே புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வைத்திருந்தார். அதில் எழுதியிருந்தது: "கருப்பு நிற கியர் சைக்கிள் ஒன்று." இதை வைத்துக்கொண்டு எந்தக் காவலர் எந்தச் சைக்கிளை அடையாளம் காண முடியும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பறிகொடுத்தவருக்கே தன் வண்டியின் எண் தெரியாதபோது அவர்கள் எதை எழுதுவார்கள்? எனக்கும் பயம் இருந்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பில் இல்லாமல் பாதி விலைக்கும் கீழே கிடைத்தபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும் எண் இல்லாமல் இல்லை. பெடல் அச்சு போகும் குழாயின் அடிவயிற்றில், சேற்றைத் துடைத்தால் தெரியும்படி ஃப்ரேம் எண்ணை அடித்திருப்பார்கள். சில வண்டிகளில் சீட் குழாயிலோ கழுத்துக் குழாயிலோ இருக்கும். மோட்டார் வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் போல சைக்கிளுக்கு எதுவும் கிடையாது. அதனால் அந்த எண்ணை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடையில் எழுதுவதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை.

என் அப்பாவின் வாலிப காலத்தில் நகராட்சியில் வரி கட்டி, சைக்கிளுக்கு வில்லை வாங்கி மாட்ட வேண்டுமாம். வில்லை இல்லாவிட்டால் பிடித்துக்கொள்வார்களாம். அந்த வரி திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏழையின் வாகனத்துக்கு வரி வேண்டாம். ஆனால் அப்பாவின் வாடகைக் கடையில் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு சைக்கிளின் மட்கார்டிலும் எண், அதே எண் நோட்டில், அதற்கு நேரே எடுத்துப் போனவர் பெயரும் நேரமும். கடை மூடும்வரை ஒரு வண்டிகூடத் தொலையவில்லை. அந்த நோட்டு அளவுக்குத்தான் நானும் கேட்கிறேன்.

சைக்கிள் கடைக்காரர்கள் பில்லில் ஃப்ரேம் எண்ணை எழுதித் தர வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில் போட்டு விற்க இனித் தயக்கமும் தேவையில்லை. காவல் நிலையத்தில் சைக்கிள் புகார் எடுக்கும்போது முதல் கேள்வியாக எண்ணைக் கேட்கட்டும். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி இன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியருக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள்கள் ஒரே நிறம், ஒரே அச்சு. அவற்றை வழங்கும்போது பிள்ளையின் பெயரோடு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால் எவ்வளவோ நன்மை. ஜப்பானில் சைக்கிளைப் பதிவு செய்வது கட்டாயம். கடையிலேயே பதிந்து, வண்டியில் ஒரு ஒட்டுவில்லையும் ஒட்டித் தருகிறார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஒரு வரி எழுத நமக்கு என்ன தடை?

மகனின் சைக்கிள் ஆசை என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுசு வாங்கப் பணம் இல்லை. மலிவு விலையில் பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த 'டபுள் ஷாக்' சைக்கிள் ஒன்றைக் காட்டினான். என் அப்பா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "மேட்டுல நீ மிதிக்கிற மிதி பாதி அந்த ஸ்பிரிங்குக்கே போயிடும்டா. தூக்கிப் பாரு, எருமை கனம்" என்றார். பிறகு அவரே காயலான் கடையிலிருந்து, பெயர் அழிந்த ஒரு பழைய இரும்பு மலை சைக்கிளைத் தேடிப் பிடித்தார். 26 அங்குலச் சக்கரம், பின்னால் ஆறு கியர், 17 கிலோ. எடைக்கு 600 ரூபாய். டயர், டியூப், செயின், ஃப்ரீவீல், பிரேக் கட்டை என்று 2,900 செலவு. முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் ஓவராயில் வேலையை நாங்களே பண்ணினோம். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, ஆகவே பின் அச்சில் கால் அங்குல பால்ரஸ் குண்டுகளை, பக்கத்துக்கு ஒன்பதாக, கிரீஸில் பதித்து வைத்தது நான்.

பழசா என்று முகம் சுளித்த மகனிடம் ஒரு கதை சொன்னேன். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுன்டி மலைப்பாதையில் சில இளைஞர்கள் மேலிருந்து கீழே போட்டி போட்டு இறங்கினார்கள். அவர்கள் ஓட்டியது முப்பது, நாற்பது வருடம் பழைய, ஷ்வின் கம்பெனி வண்டி போன்ற கனத்த சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக், கீழே வருவதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து போகுமாம். ஒவ்வொரு தடவையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் போட்டிக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புது ஃப்ரேம் கட்டினார். மலை சைக்கிள் என்று இன்று விற்பதெல்லாம் அந்தப் பழைய வண்டிகளிலிருந்து கிளைத்ததுதான். கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "கிரீஸ் புகைஞ்சா நாத்தம் ஊரைத் தூக்கியிருக்குமே" என்று மட்டும் சொன்னார். மகன் இப்போது அந்த 600 ரூபாய் வண்டியில்தான் ஏற்காடு ஏறுகிறான். பன்னிரண்டாவது வளைவில் ஒருமுறை இறங்கி மூச்சு வாங்குகிறான்.

அந்த வண்டியை வாங்கும்போது அப்பா எடைச் சீட்டில் ஃப்ரேம் எண்ணை எழுதி, காயலான் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். நடந்ததை நான் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. தன் கடையில் கிடக்கும் மற்ற 11 சைக்கிள்களையும் அவரே கவிழ்த்துக் காட்டினார். எண்களை நோட்டில் குறித்துக்கொண்டேன். எங்கள் பகுதியில் சைக்கிளைத் தொலைத்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். இதுவரை ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். இது நம்முடையதாக இருக்குமோ என்று இரண்டு பேர் ஒரே வண்டியின் அருகே நெடுநேரம் நின்றார்கள். எண்ணைக் கேட்டேன். ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோரிமேடு, சேலம்.