வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு: பனிக்கால டயர் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இப்போது பல வீட்டுப் பிள்ளைகள் கனடாவிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். அக்டோபர் வந்தால் பெற்றோர்கள் கடைக்கு வந்து கேட்கிறார்கள்: "பையன் கார் வாங்கியிருக்கான். பனிக்குன்னு தனி டயர் போடணுமாம். அவசியமா, இல்ல வீண் செலவா?"

அவசியம்தான். ரோட்டில் பனி விழும் முன்பே சிக்கல் தொடங்கிவிடும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போகும். விறைத்த ரப்பருக்குப் பிடிப்பு குறைவு. பிரேக் அடித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். பனிக்கால டயரின் ரப்பர் கலவையே வேறு. கடுங்குளிரிலும் அது மெத்தென்று இருக்கும். பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டிகள்) ஆழமாக இருக்கும்; பட்டன் மேலேயே பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் ஓடும். பனியைக் கவ்விப் பிடிப்பது அந்த வெட்டுகள்தான்.

செலவைக் குறைக்க முன்னால் இரண்டு மட்டும் மாற்றலாமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்சக்கரம் பிடித்து நிற்கும், பின்பக்கம் வழுக்கி வண்டியே சுற்றிவிடும். நான்கும் மாற்ற வேண்டும். வண்டி ஃபோர் வீல் டிரைவாக இருந்தாலும் இதேதான். அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலை, அதற்குள் ஒரு பனித்துகள், இந்தப் படம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. 'எம் பிளஸ் எஸ்' (M+S, அதாவது சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் இந்த டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தர வேண்டும். பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. உங்கள் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காற்று. வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். குளிர்காலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

சரி, நம் ஊருக்கு? இங்கே மார்கழி விடியலில்கூட அந்த 7 டிகிரி வராது. பனிக்கால டயர் எங்காவது மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நம் வெயிலில் சீக்கிரம் தேயும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் மழையில் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டியது நல்ல பட்டன். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும் வரை தேயலாம் என்பது விதி. மழைக்கு முன் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை.

பிள்ளைகள் டயரின் பக்கவாட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் கடைக்குக் கொண்டுவாருங்கள். சைஸ், தயாரித்த வாரம், வருடம் எல்லாம் பார்த்துச் சொல்கிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் டயர் கடையினர்,
தண்டையார்பேட்டை