திடலிலிருந்து அதிபர் அறைவரை என்னோடு வந்தோருக்கு நன்றி

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய திருகோணமலை மக்களுக்கு,

கூடைப்பந்துப் பயிற்றுநராக ஒரு பாடசாலையின் படலையைத் திறந்து உள்ளே வந்து, இடையில் வேறு பாடசாலைகளிலும் கடமையாற்றி, அதே பாடசாலையின் அதிபராகக் கடந்த வாரம் ஓய்வுபெற்றிருக்கிறேன். பிரியாவிடை மேடையில் தொண்டை அடைத்துக்கொண்டதால் சொல்ல முடியாமற்போனதை இம்மடலில் எழுதுகிறேன்.

முதல் நன்றி தாய்மாருக்கு. சோதனைச் சாவடிகளைக் கடந்து வீடு திரும்ப வேண்டியிருந்த அக்காலத்தில், பெண்பிள்ளைகளை மாலைப் பயிற்சிக்கு விட்டுவைப்பது எத்துணை பெரிய நம்பிக்கை என்பதை, நானே ஒரு மகளைப் பெற்ற பின்னர்தான் முழுமையாக உணர்ந்தேன். மதிலோரத்தில் காத்திருந்து, தம் பிள்ளையோடு அயல்வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துச் சென்ற அவர்கள் இல்லையேல் எமக்கு ஓர் அணியே இருந்திராது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, பாதை என்று நாம் அழைத்த மிதவையில் ஏறித் தம் மாணவியரை நட்புறவுப் போட்டிகளுக்கு அழைத்துவந்த ஆசிரியைகளையும் மறவேன். கடைசிப் பாதை போய்விடுமோ என்ற பதற்றத்தோடு ஆட்டம் பார்த்த அவர்களுடைய முகங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

கடலோர ஊரில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. 3.05 மீற்றர் உயரத்தில் வளையம் நிற்கவேண்டும் என்பது விதி. துருவேறித் தொங்கிய வளையத்தைக் கூலி வாங்காமல் ஆண்டுதோறும் ஒட்டித் தந்தவர் ஒரு வெல்டிங் பட்டறை ஐயா. 2010இல் சர்வதேச விதிகள் மாறி, அப்பாலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் வளைகோடு 6.25 மீற்றரிலிருந்து 6.75 மீற்றருக்குத் தள்ளிப்போய், வளையத்தின் கீழே தரையில் வரைந்திருந்த சரிவகக் கட்டம் செவ்வகமானபோது, எங்கள் கணித ஆசிரியர் ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆணியும் கயிறும் வெண்கட்டியுமாக வெயிலில் குந்தியிருந்து அந்த வளைகோட்டை வரைந்து தந்தார். வர்ணத்தைக் கொடுத்த கடைக்காரர் தம் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்றார், இப்போதும் எழுதவில்லை.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது, அந்தத் திடலிலேயே அடுப்பு மூட்டி இடம்பெயர்ந்தோருக்குச் சமைத்தோம். அன்று நீர் சுமந்த வீராங்கனைகளுக்கு என் வணக்கம்.

அதிபர் சேவைக்குத் தெரிவானதும், திடலை நடத்தியதுபோலவே பாடசாலையையும் நடத்திவிடலாம் என்று நம்பினேன். முதல் தவணையில் ஆசிரியர்களிடம் விசில் ஊதாத குறையாகக் கட்டளையிட்டேன். பலர் மனம் நொந்தனர். அப்போது பிரதி அதிபராக இருந்த அம்மையார் என்னைத் தனியே அழைத்து, “தங்கச்சி, ஆட்டம் சரிவராத பிள்ளையை நீங்கள் வாங்கில் இருத்தி வேறொருத்தியை இறக்கலாம். இங்கே வாங்கு இல்லை, எல்லாரும் எப்போதும் ஆட்டத்தில்தான்” என்றார். என் நிர்வாக வாழ்வில் நான் கேட்ட மிகப் பெரிய அறிவுரை அதுவே. சாதாரண தரப் பரீட்சையில் இருமுறை தவறிய மாணவியைப் பற்றியோ, அடிக்கடி பிந்தி வரும் ஆசிரியரைப் பற்றியோ முடிவெடுக்க நேர்ந்த போதெல்லாம் அந்தக் குரல் காதில் ஒலித்தது. பணக் கணக்கு எழுதும் காசேட்டைப் படிக்கவும், பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத்திரட்டில் எதை எழுதவேண்டும், எதை எழுதாமல் விடவேண்டும் என்று பகுத்தறியவும் கற்றுத்தந்த அலுவலக எழுதுநருக்கும், மழைக்காலத்தில் விடியுமுன்னே வந்து திடலின் நீரைத் தள்ளிவிட்ட காவலாளி அண்ணருக்கும் நான் என்றும் கடமைப்பட்டவள்.

தோல்விக்குப் பின் நான் கடிந்துகொண்ட பிள்ளைகளே, சில நாட்களில் என் சொல் அளவுக்கு மிஞ்சியதை அறிவேன். மறுநாளும் பயிற்சிக்கு வந்தீர்களே, அதற்கு நன்றி.

உங்களுள் ஒருத்தி இன்று அதே பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. பந்துகள் வைக்கும் அறையின் சாவியை வெள்ளிக்கிழமை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற அதிபர்,
திருகோணமலை.