வட இத்தாலி ரயில் பயணம்: ஏப்ரல் 12க்குள் பதில் தேவை

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் 6 முதல் 13 வரை மிலான், வரென்னா (கோமோ ஏரி), வெரோனா, வெனிஸ். டிக்கெட் போட இவை வேண்டும்:

1. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிள்ளைகளின் வயது. ஏப்ரல் 12, ஞாயிறு இரவு 9 மணிக்குள். மடியில் உட்காரும் 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம்.

2. மிலான்–வெரோனா, வெரோனா–வெனிஸ் அதிவேக ரயில்களில் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அதனால்தான் இந்த அவசரம்.

3. வரென்னாவுக்குச் சாதாரண ரயில், விலை மாறாது. அங்கே போய் எடுக்கலாம். ஆனால் காகித டிக்கெட்டை ஏறும் முன்பே நிலையத்திலுள்ள மெஷினில் சொருகி நேரம் பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்தான். போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். லெக்கோ தாண்டியதும் ஏரி கூடவே வரும்.

4. வெனிஸில் மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள், அது கரைப்பக்க ஊர். கடைசி நிலையமான சாந்தா லூசியாதான் நமக்கு. பாலங்களெல்லாம் படிக்கட்டு, நீங்களே தூக்கக்கூடிய பெட்டி மட்டும் போதும்.

5. வேலைநிறுத்தம் வந்தால் வார நாட்களில் காலை 6–9, மாலை 6–9 மணிக்குச் சாதாரண ரயில்கள் சில கட்டாயம் ஓடும். அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்வோம்.

பெயர், வயது இரண்டையும் ஒரே மெசேஜில் போடுங்கள். வர முடியாதவர்களும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.