மைனிங் இயந்திரத்துக்கு எட்டு ஆன்டெனா எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வைஃபை ரவுட்டர்களின் விலையும் வேகமும் அவ்வப்போது அட்டவணையாக வெளிவருகின்றன. அந்த அட்டவணையை நம்பிக் கடைக்குப் போகிறவர்களில், வீட்டில் கிரிப்டோ மைனிங் இயந்திரம் (பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயங்களை ஈட்ட இடைவிடாது கணக்குப் போடும் கணினி) வாங்கி வைத்திருக்கும் இளைஞர்களும் இப்போது உண்டு. வடசென்னையில் வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கேபிள் இழுத்து இணைய இணைப்பு அமைத்துத் தருவது என் தொழில் என்பதால், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கங்களில் இவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். பல வீடுகளில் ஒரே நிலைமைதான்: எட்டு ஆன்டெனாக்களை விரித்துக்கொண்டு விலையுயர்ந்த ரவுட்டர் ஒன்று கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது, மாடியில் இருக்கும் இயந்திரமோ இணைப்பு அறுந்து அறுந்து நிற்கிறது. மைனிங்குக்கு வேண்டியது வேகமான இணைப்பு அன்று, அறுபடாத இணைப்பு. இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை என்பதால்தான் இக்கடிதம்.

மைனிங் கணக்கு முழுவதும் இயந்திரத்தின் சிப்புகளுக்குள்ளேயே நடக்கிறது. பூல் எனப்படும், பலருடைய இயந்திரங்களை ஒன்றுசேர்த்து நடத்தும் கூட்டுச் சர்வர், அடுத்துச் செய்யவேண்டிய வேலையைச் சில கிலோபைட் அளவில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை போல அனுப்புகிறது. இயந்திரம் தான் கண்ட விடையை, அதாவது ஷேரை, சில நூறு பைட்டுகளில் திருப்பி அனுப்புகிறது. மாதம் முழுவதும் இரவுபகலாக ஓடினாலும் ஓர் இயந்திரம் சில நூறு எம்பியைத் தாண்டுவது அரிது. செல்பேசியில் ஒரு திரைப்படம் பார்த்தால் அதைவிட அதிகம் செலவாகும். ஆகவே, 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுங்கள், கேமிங் ரவுட்டர் வாங்குங்கள், ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்படும் மூன்றுமே மைனிங்குக்குத் தேவையற்றவை. இயந்திரம்தான் வெளியே போய்ப் பூலைத் தொடர்புகொள்கிறதே தவிர, வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவேண்டியதில்லை என்பதால் ஸ்டாட்டிக் ஐபிக்கு அங்கே வேலையே கிடையாது.

தாமதம் குறைந்தால் வருமானம் கூடும் என்பது விற்பனையாளர்கள் சொல்லும் இன்னொரு வாதம். அதில் சிறிது உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவேண்டும். பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிமாற்றங்களின் தொகுதி, கண்டுபிடிக்கப்படுகிறது; கண்டுபிடித்தவருக்கே பரிசு. புதிய பிளாக் வந்த செய்தி நம் இயந்திரத்துக்கு 0.1 விநாடி தாமதமாக வந்தால், 600 விநாடியில் அந்த 0.1 விநாடி உழைப்புத்தான் வீண், நூற்றுக்கு 0.02 பங்குகூட இல்லை. ஆனால் ஒரு நாளில் பத்து நிமிடம் இணைப்பு இல்லாமல் போனால், அன்றைய உழைப்பில் நூற்றுக்கு 0.7 பங்கு போய்விடுகிறது. முதல் இழப்பைத் தடுக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள், அதைப்போல நாற்பது மடங்கு பெரிதான இரண்டாவது இழப்பைக் கண்டுகொள்வதில்லை.

இணைப்பு ஏன் அறுகிறது என்பதற்கு வருகிறேன். ஆன்ட்மைனர் போன்ற பெரிய இயந்திரங்களில் பொதுவாக வைஃபை வசதி கிடையாது. பின்னாலோ முன்னாலோ ஒரே ஒரு லேன் போர்ட் இருக்கும், அவ்வளவுதான். அந்த இயந்திரத்தின் சத்தம் 75 டெசிபெல் அளவுக்குப் போகும் என்பதால் அதை யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை, மொட்டைமாடி அறைக்கு ஏற்றிவிடுகிறார்கள். ரவுட்டரோ கீழ்த்தளக் கூடத்தில் இருக்கிறது. இதற்குச் சரியான வழி மாடிவரை ஒரு கேட்5இ வகை இணையக் கேபிளை இழுப்பதுதான். அது 100 மீட்டர் வரை சிரமமின்றி வேலை செய்யும். மாடியில் எட்டு போர்ட் உள்ள சாதாரண 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தினால் ஏழு இயந்திரங்களை இணைக்கலாம். கேபிள் வாங்கும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசிய கேபிளும் அசல் செம்புக் கேபிளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், விலையில்தான் வேறுபடும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மாடிச் சுவரோரம் ஓடும் பூச்சுக் கேபிளின் முனையைப் பிரித்துப் பார்த்தால், பூச்சு போய், உள்ளே சாம்பல் நிறப் பொடியாக உதிர்வதைக் காணலாம். உப்புக் காற்று அதைச் சும்மா விடுவதில்லை. வீட்டுக்காரர் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார். பழுது அதன் வாலில் இருக்கும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள், கேபிள் இழுக்க வழியே இல்லை என்றால், பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரைக் கிளையன்ட் அல்லது ரிப்பீட்டர் முறைக்கு மாற்றி மாடியில் வைத்து, கீழேயிருந்து வைஃபையை வாங்கச் செய்து, அதன் லேன் போர்ட்டில் இயந்திரத்தைச் செருகலாம். அந்த முறை அந்தப் பழைய ரவுட்டரில் உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இப்படித் தீர்ந்துபோன வீடுகள் உண்டு.

பிட்ஆக்ஸ் போன்ற சிறு மைனிங் கருவிகளின் கதை வேறு. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவிகள் வைஃபையில் மட்டுமே இணைகின்றன. அவற்றில் உள்ள ஈஎஸ்பி32 சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. புதிய ரவுட்டர்கள் பலவும் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரைக் கொடுத்து, எந்தக் கருவி எதில் சேரவேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கின்றன. செல்பேசிக்கு இது வசதி; இந்தச் சிறு கருவிக்கு இது தொல்லை. 2.4-க்கு மட்டும் தனிப் பெயர் வைக்க அனுமதிக்கும் ரவுட்டராகப் பார்த்து வாங்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் சில கருவிகள் இணைய மறுக்கும், டபிள்யூபிஏ2 போதும். இனி, சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் செல்பேசியைத் திறந்தால் இருபது முப்பது வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் எதில் குவிந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மற்றொன்றுக்கு மாறி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டால், எட்டு ஆன்டெனா செய்யாததை அது செய்யும்.

(இக்கருவிகளைத் தனியாக ஓட்டிப் பிளாக் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஒரு டெராஹாஷ் (விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு) வேகக் கருவிக்கு அடுத்த பிளாக் கிடைக்கும் வாய்ப்பு ஐம்பது கோடியில் ஒன்றைவிடக் குறைவு. லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாடு 2003-லேயே தடை செய்துவிட்டது. இது மின்சாரத்தில் ஓடும் சீட்டு. 15 வாட்தான் என்பதால் கையைக் கடிக்காது.)

ரவுட்டரை இயந்திரம் இருக்கும் அறையிலேயே வைப்பது வேறொரு தவறு. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் பெட்டியில் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை என்று அச்சிட்டிருக்கிறார்கள். அக்னி நட்சத்திர நாளில் மொட்டைமாடி அறையின் வெப்பமே அதற்குக் குறையாது. அதனுடன் இயந்திரம் வெளியே தள்ளும் அனலும் சேர்ந்தால் ரவுட்டர் தானாக அணைந்து எழுவதில் வியப்பில்லை. மின்தடைக்குப் பின் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் முகவரி மாறிப்போவதாகச் சிலர் குறைப்படுகிறார்கள். ரவுட்டரில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதியில் அந்த இயந்திரத்துக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அது மாறாது.

பாதுகாப்பைப் பற்றி எழுதாமல் விடமுடியாது, ஏனெனில் இங்கேதான் பணம் உண்மையாகவே போகிறது. ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றாத கருவிகளைப் பிடித்துத்தான் 2016-இல் மிராய் என்ற தீநிரல் பெரும் இணையத் தாக்குதல்களை நடத்தியது. 2018-இல் திருத்தம் செய்யப்படாத மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்கள் லட்சக்கணக்கில் கைப்பற்றப்பட்டு, அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் கணினிகள் யாருக்காகவோ மைனிங் செய்தன. பழைய ஆன்ட்மைனர்களின் ஆரம்பப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே ‘ரூட்’ என்பது உலகறிந்த செய்தி. அந்த இயந்திரத்தின் பக்கத்தை வெளியூரிலிருந்து பார்க்கவேண்டும் என்ற ஆசையில் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே வர வழிவிடும் வசதி) திறந்து வைப்பவர்கள், தம் கல்லாப் பெட்டியைத் தெருவில் வைக்கிறார்கள். உள்ளே நுழைந்தவர் பூல் கணக்கின் பெயரை மாற்றினால் போதும். விசிறி அதே வேகத்தில் சுற்றும், மின்கட்டணம் நமக்கு வரும், காசு அவருக்குப் போகும். ஆகவே ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் கருவிகள் தாமே வெளிவழி திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி வசதியையும் அணைத்து, முடிந்தால் இயந்திரங்களை வீட்டுச் செல்பேசிகளிலிருந்து பிரித்துக் கெஸ்ட் நெட்வொர்க் என்னும் விருந்தினர் இணைப்பில் வைக்கவேண்டும். பழைய இயந்திரம் வாங்கியவர்கள் பூல் அமைப்பில் முதல் வரியை மட்டுமன்றி இரண்டாவது, மூன்றாவது வரிகளையும் பார்க்கவேண்டும். முந்தைய உரிமையாளரின் கணக்கு அங்கே பதுங்கியிருக்கலாம்.

இத்தனையும் சொன்னபின், ரவுட்டரைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருப்பதையும் சொல்லியாகவேண்டும். 3,250 வாட் எடுக்கும் எஸ்19 வகை ஆன்ட்மைனர் ஒன்று நாளொன்றுக்கு 78 யூனிட் இழுக்கிறது. இரண்டு மாதத்தில் 4,680 யூனிட். வீட்டு இணைப்பில் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் யூனிட்டுக்குப் பதினோரு ரூபாய்க்கும் அதிகம் என்னும் நிலையில், கட்டணம் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தைத் தொடும். 2024 ஏப்ரலில் பிளாக் ஒன்றுக்கான பரிசு 3.125 பிட்காயினாகப் பாதியாக்கப்பட்டது. கிராஃபிக்ஸ் கார்டு வைத்து ஈதர் என்ற மற்றொரு கிரிப்டோ நாணயத்தை மைனிங் செய்யும் வழியோ 2022 செப்டம்பர் 15 அன்றே மூடப்பட்டுவிட்டது. கிடைக்கும் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி உண்டு. மைனிங் கட்டமைப்புக்குச் செய்த செலவை அதில் கழித்துக்கொள்ள இயலாது என்று 2022 மார்ச்சில் மக்களவையிலேயே ஒன்றிய அரசு தெரிவித்திருக்கிறது. இதையெல்லாம் பார்த்தபின்னும் ஆர்வத்துக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ செய்பவர்களை நான் தடுக்கவில்லை. அவர்களுக்கு இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே பெரும்பாலும் போதும் என்பதையும், மிஞ்சிய பணத்தைச் செம்புக் கேபிளுக்கும் 16 ஆம்பியர் மின்வழியைச் சோதிக்கும் நல்ல எலக்ட்ரீஷியனுக்கும் கொடுக்கலாம் என்பதையும்தான் சொல்கிறேன்.

தங்கள் அட்டவணையில் வேகமும் விலையும் போடும் இடத்தில், லேன் போர்ட் எத்தனை, 2.4-க்குத் தனிப் பெயர் வைக்கமுடியுமா, எத்தனை டிகிரி வரை தாங்கும், ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள்மென்பொருள்) திருத்தங்கள் எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்னும் நான்கு கட்டங்களையும் சேர்க்கும்படி வேண்டுகிறேன். கடைசியாகக் கேட்டதை நான் பார்த்த பெட்டிகள் எதிலும் அச்சிட்டிருக்கவில்லை. தங்கள் நிருபர் கேட்டால் நிறுவனங்கள் பதில் சொல்லக்கூடும். என்னைப் போன்றவர்கள் கேட்டால், அடுத்த மாடல் வந்துவிட்டது, அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

இப்படிக்கு,
இணையக் கேபிள் பணியாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.