இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடிகிறது. வலயமட்டத் தமிழ்த்தினப் போட்டிகளில் நமது பிள்ளைகள் பேச்சிலும் பாவோதலிலும் இடம்பெற்றார்கள். சதுரங்க அணி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கிறது. மழையையும் பாராமல் டெங்குச் சிரமதானத்துக்கு வந்த அனைவருக்கும் நன்றி. ஆரம்பப் பிரிவின் குடிநீர் வடிகட்டி திருத்தப்பட்டுவிட்டது. பரீட்சைப் பெறுபேறுகள் பொதுவாகத் திருப்தி, கணிதம் வழமைபோல.

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன். கீழே எழுதுவதைச் சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெற்றோரிடம் சம்மதம் கேட்டே எழுதுகிறேன்.

கலைவிழாவில் தரம் 11 பிள்ளைகள் அரிச்சந்திரன் கதையான மயான காண்டத்தின் ஒரு பகுதியை மேடையேற்றியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அரிச்சந்திரனின் மனைவி சந்திரமதியாக நடித்தது ஒரு மாணவன். பழைய முறைப்படியே செய்துபார்க்க வேண்டும் என்பது நாடக ஆசிரியரின் ஆசை. பாம்பு தீண்டி இறந்த மகனை மடியில் கிடத்தி அவன் பாடிய ஒப்பாரிக்கு, முன்வரிசை அம்மாமார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள், மை தீட்டிய கண்ணோடு அவன் நிற்கும் படம், பல்லிளிக்கும் ஸ்டிக்கர்களுடன் ஒரு வட்ஸ்அப் குழுவில் வந்தது. மாணவர் குழு என்றால் கூப்பிட்டுக் கண்டித்திருப்பேன். அது பெற்றோர் குழு.

அங்கிருந்து படம் பிள்ளைகளின் கைக்குப் போயிற்று. பாடசாலை வான் வண்டியிலும் வகுப்பிலும் அவனுக்கு ஒரு பட்டப்பெயர். அப்புறம் விஞ்ஞானப் பாடத்தில் இலிங்க நிர்ணயம் (உடல் ஆணாகவோ பெண்ணாகவோ உருவாகும் விதம்) வந்த அன்று, பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு கேள்வி: “டீச்சர், சீலை உடுத்தால் பெடியன் பெட்டை ஆகிவிடுவானோ?” வகுப்பே சிரித்தது. ஆசிரியை ஏசவில்லை, கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துப் பதில் சொன்னார். அந்தப் பதிலின் வாலும் தலையும் வெட்டப்பட்டு, “பாடசாலையில் பிள்ளைகளை மாற்றப் பார்க்கிறார்கள்” என்ற குரல்பதிவாகி, நள்ளிரவில் என் தொலைபேசிக்கே வந்து சேர்ந்தது.

ஆசிரியையை அழைத்துக் கேட்டேன். பாடக்குறிப்பையும் பார்த்தேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது.

தாயின் வயிற்றில் முதல் ஆறு வாரமளவுக்கு ஆண் முளையத்துக்கும் பெண் முளையத்துக்கும் இனப்பெருக்க அங்கங்களில் வேறுபாடு தெரியாது. வை நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கும் எஸ்ஆர்வை என்ற பரம்பரையலகு (ஜீன்) வேலை தொடங்கிய பிறகே விதைகள் (விந்தகங்கள்) உருவாகின்றன. அவை சுரக்கும் ஓமோன்கள் உடலை ஆண் வழியில் கொண்டுபோகின்றன. இந்தப் பரம்பரையலகை அடையாளம் கண்டதே 1990இல். நிறமூர்த்தச் சோடி எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்வை என்றால் ஆண் என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவது பெரும்பாலும் சரி. ஆனால் எக்ஸ்வை இருந்தும் உடற்கலங்கள் அந்த ஓமோனை ஏற்காததால் பெண்ணுடலோடு பிறந்து, பெண்ணாகவே வளர்கிறவர்களும் உண்டு. மாதவிடாய் வராமல் வைத்தியரிடம் போகும்போதே பலருக்கு அது தெரியவருகிறது.

இது உடலின் கதை. நான் ஆணா பெண்ணா என்று ஒருவர் தனக்குள் உணர்வதைப் பால்நிலை அடையாளம் என்கிறார்கள். அது வளர்ப்பில் வருவதா, பிறப்பில் வருவதா? இதற்குக் கனடாவின் வின்னிபெக் நகரில் 1965இல் பிறந்த டேவிட் ரைமர் என்பவரின் வாழ்க்கையை ஆசிரியை எடுத்துச் சொல்லியிருக்கிறார். இரட்டை ஆண் குழந்தைகளில் ஒருவர். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சத்திரசிகிச்சை விபத்தில் ஆணுறுப்பு சிதைந்துவிட்டது. வளர்க்கும் விதத்தில் வளர்த்தால் பெண்ணாகிவிடும் என்று ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையின் உளவியலாளர் ஜோன் மணி ஆலோசனை சொன்னார். பெண் பெயர், பெண் உடை, பின்னாளில் பெண் ஓமோன் என்று எல்லாம் கொடுத்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. பதின்ம வயதில் பெற்றோர் உண்மையைச் சொன்னதும் அவர் ஆணாகவே வாழத் தொடங்கிவிட்டார். வெற்றி என்று பாடநூல்களில் எழுதப்பட்டிருந்த சிகிச்சையின் உண்மை நிலை, 1997இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் பலருக்கும் தெரியவந்தது.

சேலையைப் பற்றிக் கவலைப்பட்ட பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். அத்தனை வருட வளர்ப்பு ஒரு பிள்ளையின் உள்ளுணர்வை மாற்றவில்லை. அரை மணி நேரக் கூத்து மாற்றிவிடுமா? நமது கூத்திலும் இசை நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தானே ஸ்திரீ பார்ட் கட்டினார்கள்? விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் வயலுக்கும் கடலுக்கும் போனவர்கள் அவர்கள்.

அதற்காகச் சமூகத்துக்குப் பங்கே இல்லை என்றும் ஆசிரியை சொல்லவில்லை. ஆண் என்றால் எப்படி இருக்க வேண்டும், பெண் என்றால் எதைச் செய்யக் கூடாது என்ற பட்டியலை எழுதுவது சமூகம்தான். 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களைப் பாருங்கள்: கரையோரச் சிங்கள ஆண்கள் நீண்ட முடியைக் கொண்டையாகக் கட்டி, ஆமையோட்டுச் சீப்புச் செருகியிருப்பார்கள். நம்மவர் குடுமியும் கடுக்கனுமாக நிற்பார்கள். அந்தக் கோலத்தில் இன்று ஒரு மாணவன் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம். (அந்த முடிவெட்டு விதியைப் போட்டதும் பாடசாலைதான், தெரியும்.) 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரைத் தெரிவுசெய்த நாட்டில், மனைப் பொருளியல் எடுக்க விரும்பும் மாணவனின் விண்ணப்பம் வீட்டிலிருந்து திருத்தப்பட்டு வருகிறது. இந்த வருடமும் வந்தது.

உடல் ஒன்றாகவும் உள்ளுணர்வு வேறாகவும் இருக்கிற பிள்ளைகள் சிலர் எந்தப் பாடசாலையிலும் இருக்கலாம். அம்மாவின் செல்லமா, ஃபோனா, யாருடைய பிழை என்று தேடுவது வீண் வேலை. ஒரு கருவில் பிறந்த, ஒரே அச்சான இரட்டையரில் இருவருக்குமே இந்த உணர்வு இருப்பது மற்ற இரட்டையரைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் எப்போதும் அப்படி இருப்பதில்லை. ஆகவே பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதுவே முழுக்காரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில், உடலும் உள்ளுணர்வும் வேறாக இருக்கும் இந்த நிலையை உளநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நமது சுகாதார அமைச்சும் 2016இல், வளர்ந்தவர்கள் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறுவதற்கு வழிசெய்து சுற்றறிக்கை வெளியிட்டது.

உங்கள் வீட்டு நம்பிக்கையையோ சமய ஒழுக்கத்தையோ மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற குடும்பங்கள் சேர்ந்த இடம் இது. கருத்து வேறுபாடு இருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள். தேநீர் தருவேன், கதைப்போம்.

ஆனால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இன்னொருவர் பிள்ளையின் படத்தைக் கேலிக்குப் பகிரும் உரிமை எந்தப் பெற்றோருக்கும் இல்லை. வளர்ந்தவர்கள் சிரித்ததைப் பார்த்தே பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பையன் ஒரு வாரம் இடைவேளைக்கு வெளியே வராமல் வகுப்பிலேயே இருந்து சாப்பிட்டான். படத்தை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுங்கள். இனி இப்படி நடந்தால் பகிர்ந்தவரின் பெயரைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் முன் வைப்பேன். பதவி, நன்கொடை எதையும் பார்க்க மாட்டேன். ஆசிரியையின் பாடம் அப்படியே தொடரும்.

படம் வந்த அதே பெற்றோர் குழுவில் “படத்தை எடுத்துவிடுங்கோ, எங்கட பிள்ளையென்றால் விடுவோமா?” என்று முதலில் எழுதிய அம்மாவுக்கு என் நன்றி. அவர் பெயர் வேண்டாம் என்றார். பட்டப்பெயர் சொன்ன பெடியன்களை வெள்ளவத்தை வரைக்கும் வாய் திறக்கவிடாமல் கொண்டுவந்த வான் அண்ணாவுக்கும் நன்றி. உங்களில் பெரும்பாலானோர் இந்தச் சலசலப்பில் சேரவே இல்லை என்பதும் தெரியும்.

வீட்டில் பிள்ளை இதைப் பற்றிக் கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியையிடம் அனுப்புங்கள். அங்கே கதைப்பது அங்கேயே இருக்கும். பாடசாலைக்கு வெளியே கதைக்க விரும்பினால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929.

தேர்ச்சி அறிக்கைகளை விடுமுறைக்கு முன் வகுப்பாசிரியரிடம் நேரில் பெற்றுக்கொள்ளுங்கள். அன்று தயவுசெய்து காலி வீதியில் வாகனங்களை இரட்டை வரிசையில் நிறுத்த வேண்டாம். பொலிஸார் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
அதிபர்
கொழும்பு – 06