வளையல் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. பெங்களூருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று போனில் சொன்னாய், சந்தோஷம். போனில் பேசினால் பக்கத்திலேயே மருமகள் இருப்பாள், அதனால்தான் கடிதம். படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள், அவளிடம் காட்டாதே.

வளைகாப்பு அன்று நீ பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாய். உன் அத்தை அவள் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போடக் கையைப் பிடித்தால் கை துவண்டு கிடக்கிறது. மணையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். வளையல் உரசியதும் திடுக்கிட்டு விழித்தாள். "கண்ணு பட்டிருச்சு, சுத்திப் போடுங்க" என்றார்கள். சரி என்று நானும் சுற்றிப் போட்டேன். ஆனால் முப்பது வருஷம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவளுக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளைக்குப் பல நாள் தூக்கம் பாக்கி இருக்கிறது.

அன்று ராத்திரி பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன். கை நிறையப் புது வளையல், அசைந்தாலே சத்தம் கேட்கும். விடிவதற்குள் பதினோரு தடவை கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அப்புறம் மறுபக்கம் படுக்கிறாள். நீ அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாய். காலையில் கேட்டால், "படுத்தபடியே புரண்டா பிள்ளைக்குக் கொடி சுத்திக்கும்னு பாட்டி சொன்னாங்க அத்தை" என்கிறாள்.

கொடி சுற்றுவதற்கும் தாய் புரள்வதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை உள்ளே தானாகச் சுழலும்போது சுற்றிக்கொள்வது அது. பிறக்கிற நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி இருக்கும், பெரும்பாலும் எந்தக் கெடுதலும் இல்லாமல் பிறந்துவிடும். முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தபடியே புரளலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். நீயும் சொல். இந்த ஒரு பயம் போனாலே பாதி ராத்திரி திரும்பக் கிடைக்கும்.

28 வாரம் தாண்டிவிட்டது, இனி மல்லாந்து படுத்துத் தூங்கப் போகக் கூடாது. கர்ப்பப்பையின் பாரம் இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரையை அழுத்தும், பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறையும். பக்கவாட்டில் படுக்க வேண்டும். இடது பக்கம் மட்டும்தான் என்று அவளை வற்புறுத்தாதே, வலது பக்கமும் சரிதான். நடுவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறாளா, பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

ஏன் அவளிடம் காட்டாதே என்கிறேன் தெரியுமா? 2025-இல் சீனாவின் ஹெஃபெய் நகரத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் சராசரியாக ராத்திரி 7 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய தாய்களின் பிள்ளைகளிடம் வளர்ச்சித் தாமதம் கூடுதலாகக் காணப்பட்டதாம். தூக்கக் குறைவுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் "நீ தூங்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது" என்று ஒரு கர்ப்பிணியிடம் சொன்னால் இருக்கிற தூக்கமும் போய்விடும். அதனால் இந்தக் கவலையை நீ வாங்கிக்கொள். அவள் தூங்குவதற்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் செய்.

ராத்திரி ஒரு மணி வரை அமெரிக்காக்காரனோடு மீட்டிங், ஆறு மணிக்கு எழுந்து உனக்கு டிபன். இது எந்த ஊர் நியாயம்? நாளையிலிருந்து காலை அடுப்பு உன்னுடையது. மீட்டிங் நேரத்தை மாற்றித் தரச்சொல்லி அவளை ஆபீஸில் கேட்கச் சொல். முதல் பிரசவத்துக்குச் சட்டப்படி 26 வாரம் லீவு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், நெஞ்செரிச்சல் குறையும். தண்ணீரைப் பகலில் நிறையக் குடிக்கட்டும், படுக்கப் போகும்போது குறைத்துக்கொள்ளட்டும். ராத்திரியில் கால் குடைச்சல் என்று சொன்னாள், ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தாலும் அப்படி இருக்கும். டாக்டரிடம் சொல்லுங்கள். சத்து மாத்திரையைக் காபியோடு போடவே கூடாது.

"இப்பல்லாம் குறட்டை விடுறாம்மா" என்று சொல்லிச் சிரித்தாய் அல்லவா? சிரிக்காதே. கர்ப்பத்தில் புதிதாகக் குறட்டை வந்தால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அடுத்த செக்கப்பில் மறக்காமல் சொல். விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், பிள்ளையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

உள்ளே பிள்ளையும் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இருட்டினால் தாயின் உடம்பில் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும். அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். ராத்திரி எது, பகல் எது என்று பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது தாயின் உடம்புதான். பிறந்த பிறகு பிள்ளைக்கென்று ராப்பகல் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து மணிக்கு டிவியை நிறுத்து, விளக்கை அணை. இன்னொன்று, பிறந்த பிள்ளையை மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும். தாய்க்குச் சொன்னதும் பிள்ளைக்குச் சொல்வதும் குழம்பிவிடக் கூடாது.

நீ வயிற்றில் இருந்தபோது பகலில் கண் அசந்தால், "பகல்ல தூங்கினா பிள்ளை மந்தமாப் பிறக்கும்" என்று உன் அப்பத்தா எழுப்பிவிடுவார். நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்து, சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடித்து டியூட்டிக்குப் போவேன். ஊர்ப் பெண்களிடம் "மத்தியானம் ஒரு மணி நேரமாவது படும்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குப் படுக்க முடியாது. நீ எடை குறைவாகத்தான் பிறந்தாய். சரியாகச் சாப்பிடாததாலா, தூங்காததாலா, இன்று வரை எனக்குத் தெரியாது. உன் அப்பா நல்லவர்தான். ஆனால் ஒரு நாள்கூட "அவ தூங்கட்டும்மா" என்று வாய் திறந்து சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

போடியில் நல்ல இலவம்பஞ்சாக வாங்கி நீளத் தலையணை ஒன்று தைத்திருக்கிறேன். முழங்காலுக்கு நடுவில் ஒரு பகுதி, வயிற்றுக்கு அணைப்பாக ஒரு பகுதி வருகிற அளவு. வியாழக்கிழமை பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். வந்ததும் ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்துத் தட்டிக் கொடு. அவள் தூங்குகிற நேரத்தில் நான் போன் பண்ணினாலும் எழுப்பாதே.

அன்புடன்,
அம்மா