ஆக்கினைத்தீர்ப்பு இல்லை, சரி. அந்த 36,000 ரூபா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்துக்கான பதிலை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று சம்மதித்ததற்கு நன்றி. பெயரும் ஊரும் இதில் இல்லை, தொகையையும் மாற்றியிருக்கிறேன். மட்டக்களப்புக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் ஒரு கரையோரக் கிராமம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பாதையில் உங்களைப் போன்ற நிலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டது இதுதான். ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருடம். ஒவ்வொரு உபவாசக் கூட்டத்திலும் பாஸ்டர் அழைத்ததும் முன்னுக்குப் போய் அழுது ஜெபிக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்ததும் பழைய பாரம் திரும்பவும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அப்படியென்றால் நான் உண்மையில் இரட்சிக்கப்படவில்லையா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று பாரங்கள் இருக்கின்றன: மாதர் சங்கத்துக் காசு, அம்மா வைத்த வைகாசி நேர்த்தி, சுனாமியில் போன தம்பி. முதலாவது பாவம், கடனும்கூட. இரண்டாவது பயம். மூன்றாவதில் பாவமே இல்லை. தலையிடி, காய்ச்சல், முறிந்த கால் மூன்றுக்கும் பனடோல் போடுவதுபோல, மூன்றுக்கும் சேர்த்து ஒரே அழைப்புக்கு முன்னே போகிறீர்கள். முன்னே போவது பிழை இல்லை. ஆனால் அது இந்த மூன்றில் எதையும் தீர்க்கவில்லை என்பதற்கு ஆறு வருடமே சாட்சி.

முதலில் இரட்சிப்பைப் பற்றி. ரோமர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் பேசுவது நீதிமன்றத்து மொழி. எல்லோரும் குற்றவாளிகள், தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார், விசுவாசிக்கிறவனை நியாயாதிபதியே நீதிமான் என்று தீர்க்கிறார். நீங்கள் அன்றைக்கு அழுதீர்களா, கண் காய்ந்துபோய் நின்றீர்களா என்பதை வைத்து அந்தத் தீர்ப்பு மாறாது. ஆக்கினைத்தீர்ப்பு என்றால் தண்டனைத் தீர்ப்பு. யோவான் 5:24இல் இயேசு சொல்வதைப் பாருங்கள்: விசுவாசிக்கிறவன் ‘ஆக்கினைத்தீர்ப்புக்குட்படாமல், மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்’. இனிமேல்தான் உட்படப்போகிறான் என்று அங்கே இல்லை. எபிரெயர் 10ஆம் அதிகாரத்தில் ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டு அதே பலியைத் திரும்பத் திரும்பச் செலுத்துகிறார்கள். கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். உங்கள் ஆறு வருடத்து அர்ப்பணிப்புகள் அந்த ஆசாரியர்கள் செய்த வேலைபோலத்தான் எனக்குத் தெரிகிறது. முதல் முறை உண்மையாய் நம்பியிருந்தால் அது போதும்.

இனி காசு.

2016இல் சங்கத்துப் பொருளாளராக இருந்தபோது 36,000 ரூபா எடுத்தீர்கள். கொப்பியில் அதைத் திரும்பி வராத கடனாக எழுதி மூடினீர்கள். பிறகு சங்கமே கலைந்துபோனது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு மனம் குத்தியதால், சபைக்கு விசேஷ காணிக்கையாக 10,000 ரூபா கொடுத்தீர்கள். ‘அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்தேன், ஆகவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆகாதுதான். அந்தக் காசு சபையின் காசு இல்லை. மத்தேயு 5:23, 24இல் பலிபீடத்தின் அருகே நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று ஆண்டவர் சொல்கிறார். நீங்கள் காணிக்கையைக் கொடுத்துவிட்டுச் சகோதரிகளிடம் போகாமல் இருந்துவிட்டீர்கள். மோசேயின் சட்டத்திலும் அதே ஒழுங்குதான். லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில் எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவன் கையில் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலியும் அன்றைக்கே. உரியவன் இறந்து, வாங்க உறவினரும் இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனுக்குப் போகும் என்று எண்ணாகமம் 5:8 சொல்கிறது. சபைக்கு வருவது கடைசி வழி.

‘இயேசு என் கடனைச் செலுத்திவிட்டார், நான் ஏன் திரும்பவும் கொடுக்க வேண்டும்?’ என்று உங்கள் சபையில் ஒருவர் கேட்டாராம். கொலோசெயர் 2:14இன்படி நமக்கு எதிராக இருந்த கையெழுத்து சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது மெய்தான். அந்தப் பத்திரம் தேவனுக்கும் உங்களுக்கும் இடையில் இருந்தது. சங்கத்துக் கொப்பி அதில் உறுப்பினராக இருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் உங்களுக்கும் இடையில் இருக்கிறது. பிலேமோனின் அடிமையான ஒநேசிமு மனந்திரும்பின பிறகும் பவுல் அந்த எஜமானுக்கு என்ன எழுதினார்? அவன் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வையும், நான் செலுத்துவேன் என்று தன் கையாலேயே எழுதினார். இரட்சிக்கப்பட்டவனாச்சே, விட்டுவிடும் என்று எழுதவில்லை. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்தது. அதே நாளில் சேவகர் வந்து அவன் காலெலும்புகளை முறித்தார்கள் என்று யோவான் 19:32 சொல்கிறது. தேவனுடைய மன்னிப்பு ரோமருடைய தண்டனையை நீக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அந்தப் பக்கம் விழக்கூடியவர். காசைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பு வாங்க முடியாது. யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். பாவம் செய்தேன் என்று வாய்விட்டும் சொன்னான். ஆனால் அதை ஆசாரியர்களிடம் சொன்னான். அவர்கள் ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்றார்கள். அவன் போய் நான்றுகொண்டு செத்தான். வரி வசூலிப்பவனான சகேயுவின் கதையில் ஒழுங்கு வேறு. முதலில் இயேசு அவன் வீட்டுக்கு வருகிறார், அதன் பிறகுதான் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் எழுந்து நின்று சொல்கிறான். நீங்கள் சகேயுவின் இடத்தில் நின்றுதான் கொடுக்க வேண்டும்.

கணக்கு இப்படி. 36,000இல் ஐந்தில் ஒரு பங்கு 7,200, மொத்தம் 43,200. ஐந்தில் ஒரு பங்கு கிறிஸ்தவர்களுக்குச் சட்டமில்லை. ஆனாலும் 2022இல் விலைவாசி ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு முதலை மட்டும் கொடுப்பது நியாயமாக இருக்காது. அன்று அந்தக் காசுக்கு வந்த அரிசி இன்று வராது. பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,600. மாதம் ஒருவருக்கு என்றால் ஒரு வருடம். இதற்காக மைக்ரோ நிதிக் கம்பனியில் கடன் எடுக்க வேண்டாம், தாலிக்கொடியை அடகு வைக்கவும் வேண்டாம். ஒரு கடனை மூட இன்னொரு கடன் எடுத்துத்தான் நம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டார்கள். முதலில் கணவனிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் பன்னிரண்டு மாதம் காசு கொடுக்கப்போனால் அது புதிதாக ஒரு பொய்யாகும்.

ஒருத்தி இறந்துவிட்டா என்கிறீர்கள், அவவின் பிள்ளைகளிடம் கொடுங்கள். குவைத்தில் இருப்பவவுக்கு வங்கிக் கணக்கில் போடலாம், ஆனால் ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிட்டுப் போடுங்கள். காரணம் தெரியாத காசு இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பும்.

சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். ‘அக்கா, சங்கத்துக் காசில 36,000 நான்தான் எடுத்தனான். வராத கடன் எண்டு கொப்பியில எழுதினது பொய். உங்கட பங்கு இது.’ அவ்வளவு போதும். அந்த நேரம் பிள்ளைக்கு வருத்தம், இவர் குடி, சங்கத் தலைவியும் ஒழுங்கில்லை என்று இழுத்தால், கேட்பவர் காதில் பாவ அறிக்கை நியாயம் சொல்வதாகத்தான் விழும். மன்னித்துவிட்டேன் என்று அவர்கள் உடனே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏசினால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். ஒருவர் பொலிசுக்குப் போவேன் என்றாலும் அது அவருடைய உரிமை. அதனால் முதல் நாளே ஒரு வயதான நம்பிக்கையான பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்களில் பலர் சைவர்கள், ஒருவர் முஸ்லிம். காசு கொடுக்கிற கையில் கைப்பிரதி வேண்டாம், சபைக்கு அழைப்பும் வேண்டாம். கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று இருக்கட்டும்.

சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லாதீர்கள். குற்றம் யாரைத் தொட்டதோ அவர்களிடம்தான் அறிக்கை. ஊர் முழுக்கத் தெரியவேண்டிய அவசியம் இல்லை, ஞாயிறு மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் கேட்டதை வெளியில் சொல்லவே கூடாது, களவென்றால் உரியவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இந்த இரண்டு விஷயத்திலும் நம் பெந்தெகொஸ்தே சபைகள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். சபைப் பெண்கள் ஐக்கியத்துக்குப் பொருளாளராக வரச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மன்னிக்கப்பட்ட கையும் பழைய பழக்கத்தை மறக்க நாளெடுக்கும். எப்போதாவது ஏற்றாலும் இரண்டு கையொப்பம் இல்லாமல் காசு வெளியே போகக்கூடாது.

நேர்த்தி விஷயம் சின்னது, ஆனால் உங்களை அதிகம் பயமுறுத்துவது அதுதான் போலிருக்கிறது. நீங்கள் பிறந்தபோது அம்மா கண்ணகி அம்மனுக்கு வைத்த நேர்த்தி முடியாமல் கிடக்கிறது. இந்த வைகாசியில் அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு நேரம் மகனுக்கு அம்மாள் வருத்தம் (கொப்பளிப்பான்) போட்டது. அயலில் அது அம்மனின் கோபம் என்றார்கள், சபையில் ஒருவர் குடும்ப சாபம், 21 நாள் உபவாசம் எடுத்தால் முறியும் என்றார். இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் வேறு வேறு கொப்பியில் எழுதுகிறார்கள். அந்த வருத்தம் ஒரு வைரஸ். கொப்புளம் போடுவதற்கு 10 முதல் 21 நாட்களுக்கு முன் வேறொருவரிடமிருந்து தொற்றியிருக்கும், பெரும்பாலும் பாலர் பாடசாலையில். பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா பெற்றார் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது. சாபத்தைக் கிறிஸ்து சுமந்தார் என்று கலாத்தியர் 3:13 சொன்ன பிறகு, நீங்கள் 21 நாள் பட்டினி கிடந்து எதை முறிக்கப்போகிறீர்கள்? அதேநேரம் அம்மாவின் நம்பிக்கையைப் பரிகாசம் செய்யாதீர்கள். அவ உங்களுக்காகத்தான் வேண்டினா.

தம்பி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு 13 வயது, அவனுக்கு 5. ‘கையைப் பிடிச்சிருந்தனான், விட்டுட்டன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டீர்களா, தண்ணி பறித்ததா? மரத்தை வேரோடு பிடுங்கிய தண்ணிக்கு முன்னால் 13 வயதுப் பிள்ளையின் விரலுக்கு என்ன பலம்? பாவம் என்றால் அங்கே ஒரு சம்மதம் இருக்க வேண்டும். இதில் உங்கள் சம்மதம் எங்கே இருந்தது? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்றார். 2019 ஈஸ்டர் ஞாயிறு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து மாண்டுபோன பிள்ளைகளைப் பற்றியும் நாம் வேறு பதில் சொல்ல மாட்டோம். இதற்கு மன்னிப்பு கேட்டு முன்னுக்குப் போவதை நிறுத்துங்கள். மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை, அதனால்தான் மன்னிப்புக் கிடைத்ததாகவும் தோன்றுவதில்லை. அழுகை வந்தால் அழுங்கள், அது துக்கம். சங்கீதங்களில் பாவ அறிக்கைகளும் உண்டு, வெறும் துக்கத்தைச் சொல்லும் பாட்டுகளும் உண்டு. பாவ அறிக்கையான 51ஐ விட்டுவிட்டு துக்கப் பாட்டான 88ஐ வாசித்துப் பாருங்கள்.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, ஒரே பாவத்தை நாளுக்குப் பல தடவை அறிக்கை செய்தும் மனம் ஆறவில்லை என்பது இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அது விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள். மருந்து எடுத்தால் ஜெபம் கேட்கப்படாது என்று வேதத்தில் எங்கும் இல்லை.

கடைசிக் கேள்வி நியாயத்தீர்ப்பு நாள் பற்றி. பரலோகத்தில் பெரிய திரை போட்டு உங்கள் பாவங்களை எல்லோர் முன்னிலும் படமாகக் காட்டுவார்கள் என்று ஒரு கன்வென்ஷனில் கேட்டீர்களாம். அப்படி ஒரு திரை வேதத்தில் இல்லை. ‘அவர்களுடைய பாவங்களையும் அவர்களுடைய அக்கிரமங்களையும் நான் இனி நினைப்பதில்லை’ என்றுதான் எபிரெயர் 10:17இல் இருக்கிறது. கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்னால் விசுவாசிகளும் நிற்பார்கள் என்று 2 கொரிந்தியர் 5:10 சொல்கிறது, அதை மறைக்க மாட்டேன். பூமியில் நாம் செய்த வேலை அங்கே சோதிக்கப்படும். வேலை வெந்துபோனாலும் ஆள் இரட்சிக்கப்படுவான் என்று 1 கொரிந்தியர் 3:15 சொல்கிறது.

முதல் மாதம் யாரிடம் போவது என்று கேட்டால், கோபக்காரியிடம் போகாதீர்கள், மிகவும் நெருங்கியவரிடமும் வேண்டாம். நீங்கள் எழுதிய பட்டியலில் அந்தத் தையல்காரி இருக்கிறாவே, அவதான் சரி என்று படுகிறது. பிற்பகலில் போங்கள், காலையில் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் அண்ணன்